எந்தச் சாமிக்கு முதல் கிழங்கு?

எங்கள் வீட்டில் சின்ன மாமாவுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: ‘அரிசிக்குப் போனவரு’. தோட்டம் கைமாறி வேலை போன வருடம், முதுகில் அடிபட்டு ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தார். அப்போது ஒரு ஜெபக்குழு அரிசி மூட்டையோடு அவர் வீட்டுக்கு வந்தது. அடுத்த தீபாவளிக்கு அந்த வீட்டில் சாமி படங்கள் இல்லை. எனக்கு அப்போது 14 வயது. எல்லாரும் அந்தப் பேரைச் சொல்லிச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

சினுவா அச்சிபியின் ‘அரோ ஆஃப் காட்’ நாவலைப் போன வருடம் படித்து முடித்தபோது எனக்கு அந்தச் சிரிப்புதான் முதலில் ஞாபகம் வந்தது. ‘சிதைவுகள்’ என்று தமிழில் வந்த அவருடைய முதல் நாவலை நம்மில் பலர் படித்திருப்போம். 1964இல் வந்த இந்த நாவலைப் பற்றி இங்கே பேச்சு குறைவு. ஆனால் கோலசிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர்கள் படிக்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

கதை 1920களின் நைஜீரியாவில், இக்போ மக்களின் ஆறு ஊர்கள் சேர்ந்த உமுவாரோவில் நடக்கிறது. அவர்களுடைய தெய்வம் உலு. அதன் பூசாரி எஸெயுலு. அந்த ஊரில் யாம் கிழங்குதான் பயிர்களின் ராஜா. நம்ம பெருவள்ளிக் கிழங்குக்குச் சொந்தக்காரன். பூசாரியிடம் எண்ணி வைத்த கிழங்குகள் இருக்கும். புதுநிலா தெரியும்போதெல்லாம் ஒன்றைச் சுட்டுச் சாப்பிட வேண்டும். அவை தீரும் நேரத்தில் அவர் புதுக்கிழங்கு விழாவை அறிவிப்பார். அதற்குமுன் யாரும் மண்ணைத் தோண்டக்கூடாது.

வெள்ளை அதிகாரி கொடுக்க வந்த தலைவர் பதவியை எஸெயுலு மறுக்கிறார், காவலில் வைக்கப்படுகிறார். இரண்டு புதுநிலாக்கள் வெளியூரிலேயே கழிகின்றன. திரும்பி வந்தால் ஒன்றுக்குப் பதில் மூன்று கிழங்கு மிச்சம். அதனால் அறுவடை இரண்டு மாதம் தள்ளிப்போகிறது. மண் இறுகிக்கொண்டே போகிறது, கிழங்கு உள்ளேயே கெடுகிறது. ஊர்ப் பெரியவர்கள் வந்து, மிச்சக் கிழங்கைச் சாப்பிட்டுவிடுங்கள், பாவம் எங்கள் தலையில் வரட்டும் என்கிறார்கள். அவர் மசியவில்லை. தன்னைக் கைவிட்ட ஊர்மேல் அவருக்குக் கோபமும் இருக்கிறது. எது தெய்வத்தின் கட்டளை, எது அவருடைய பழிவாங்கல் என்று அச்சிபி பிரித்துக் காட்டுவதில்லை.

அந்த நேரத்தில்தான் சபையின் உபதேசியார் குட்கன்ட்ரி வருகிறார். கிழங்கைச் சபைக்குக் காணிக்கையாகக் கொண்டுவாருங்கள், பிறகு தோண்டிக்கொள்ளுங்கள், உலுவின் கோபத்திலிருந்து எங்கள் கடவுள் காப்பாற்றுவார் என்கிறார். கடைசியில் அப்பாக்கள் தங்கள் மகன்கள் கையில் ஒன்றிரண்டு கிழங்கைக் கொடுத்துச் சபைக்கு அனுப்புகிறார்கள். மகன் பேரைச் சொல்லி நிலத்தைத் தோண்டுகிறார்கள்.

காலனியமும் கிறிஸ்துவமும் சேர்ந்து ஒரு பண்பாட்டை அழித்த கதை என்று இதைச் சொல்லிவிட்டுப் போகலாம், பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் அப்படிப் படித்தால் நாவலின் பாதி கைநழுவிவிடும். அந்தக் கிழங்கை அனுப்பிய அப்பாக்களில் யாரும் திரித்துவத்தைப் புரிந்துகொண்டு போகவில்லை. பசிக்குத்தான் போனார்கள்.

நான் செம்பனை ஆலையில் வேலை செய்கிற பொறியாளன். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு வந்து நீராவியில் வேகவேண்டும். தாமதமானால் பழத்துக்குள் இருக்கும் நொதி எண்ணெயைச் சிதைக்க ஆரம்பிக்கும், அமிலம் ஏறும், விலை இறங்கும். அதனால்தான் எங்கள் வேலையில் ஒரே இயந்திரத்தை நம்பி முழு ஓட்டத்தையும் விடமாட்டோம். எஸெயுலுவின் கதையைப் படிக்கும்போது எனக்கு அந்தப் பயம்தான் வந்தது. ஒரு ஊரின் சாப்பாடு முழுக்க ஒரே மனிதரின் ‘சரி’ என்ற வார்த்தையில் நிற்கிறது. அந்த வார்த்தை வராதபோது, சபை மாற்று வழியாக நின்றது. அந்த வழிக்கும் கட்டணம் உண்டு என்பதை அச்சிபி மறைக்கவில்லை. அந்த அறுவடை ஆராதனையில் சேரும் பணம் புதுக் கோயில் கட்டும் நிதிக்குப் போகிறது.

இந்த விஷயம் நாவலோடு முடிந்துவிடவில்லை. 1980களில் ஜிம்பாப்வேயில் ஒரு விவசாயி ஆரம்பித்த உழாத விவசாய முறை, ‘கடவுளின் வழியில் விவசாயம்’ என்ற பேரில் ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் சபைகள் வழியாகப் பரவியது. குழி தோண்டி விதைப்பதையும் சருகால் மண்ணை மூடுவதையும் போதகர்கள் வேத வசனத்தோடு சொல்லிக்கொடுக்கிறார்கள். கிழங்கும் சோளமும் எப்படி விளைகின்றன என்ற கேள்வியும் எந்தச் சாமி என்ற கேள்வியும் அங்கே இன்னும் ஒரே வயலில்தான் நிற்கின்றன.

நம்ம பக்கம் வருவோம். இக்போ ஊர்களில் வீட்டுக்கு வீடு எண்ணெய் கொடுத்த அதே மேற்கு ஆப்பிரிக்க மரம்தான் நம்ம செம்பனை. 1848இல் நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் தோட்டத்துக்கு வந்தன. 1917இல் ஹென்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டார். அது தென்னைமரம் தோட்டம், பத்தாங் பெர்ஜுந்தையில். கம்போங் குவாந்தானில் நாம் மின்மினி பார்க்கப் படகு ஏறுகிற அதே சிலாங்கூர் ஆற்றின் மேல்பக்கம். (ஃபோக்கோனியேவுக்கு 1930இல் ‘மலேசி’ என்ற நாவலுக்காக கோன்கூர் பரிசு கிடைத்தது.)

அந்த மரம் இங்கே வந்தபோது அதோடு பூசாரி வரவில்லை, முதல் பழ விழாவும் வரவில்லை. செம்பனைக்குப் பருவம் கிடையாது. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று, வருடம் முழுக்க வெட்டு. எப்போது வெட்டுவது என்று சொன்னது ஆப்பீஸ்தான். கோயில் திருவிழாவுக்கு நாள் குறிப்பதற்கும் துரையிடம்தான் கேட்கவேண்டும். தாத்தா காலத்தில் கோயில் சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்களாம். ஒரு தைப்பொங்கல் அன்று அப்பா அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “நம்ம எதை அறுத்தோம்னு பொங்க வைக்கிறோம்?” யாரும் பதில் சொல்லவில்லை. அம்மா பால் பொங்குதான்னு பாருங்க என்றார்.

பாட்டிக்கு அந்த மரத்தில் ஒரு வேலை இருந்தது. பெண்பூவுக்கு மகரந்தத் தூள் அடிக்கிற வேலை. 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். அது அந்த வேலையைக் கையைவிட நன்றாகச் செய்தது. பாட்டி மறுபடி புல்வெட்டுக்குப் போனார். இவ்வளவு பெரிய மாற்றத்தில் எங்கள் மாரியம்மனுக்கும் கருத்துச் சொல்ல இடமில்லை.

பாட்டியை நினைக்கும்போது அச்சிபியிடம் எனக்கு ஒரு குறை தெரிகிறது. யாம் ஆண்களின் பயிர். மரவள்ளியும் சேம்பும் பெண்களின் பயிர் என்று அவரே முதல் நாவலில் எழுதியிருக்கிறார். கிழங்கு மண்ணுக்குள் கிடந்த அந்த மாதங்களில் வீடுகளை ஓட்டியது பெண்களின் பயிராகத்தான் இருக்கவேண்டும். ஆனால் இந்த நாவலின் கண் பெரும்பாலும் ஆண்கள் உட்கார்ந்து பேசுகிற இடத்திலேயே நிற்கிறது. அதுபோல, எஸெயுலுவுக்குக் கிடைத்த ஆழம் குட்கன்ட்ரிக்குக் கிடைக்கவில்லை. கிழங்கைத் தூக்கிக்கொண்டு சபைக்கு நடந்த அந்தப் பையன்கள் என்ன நினைத்தார்கள் என்பதும் நமக்குத் தெரிவதில்லை. அச்சிபியின் அப்பாவே ஒரு உபதேசியார். அந்த வீட்டில் வளர்ந்தவர் இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்.

ஆனாலும் அவர் போன தூரத்துக்கு நாம் போகவில்லை. நான் படித்த தோட்டப்புறக் கதைகளில் மதம் மாறியவர் ஒன்று கோமாளி, இல்லையென்றால் துரோகி. கோயில் கமிட்டி எப்போது கைவிட்டது, யார் வீட்டில் எத்தனை நாள் அடுப்பு எரியவில்லை என்று அந்தக் கதைகள் கேட்பதில்லை. எஸெயுலு போன்ற ஒருவரை முழு மரியாதையோடு எழுதிவிட்டு, அவரை விட்டுப் போனவர்களையும் குற்றம் சொல்லாமல் எழுதுவது சுலபமில்லை. நமக்கு அப்படி ஒரு நாவல் வேண்டும்.

நாவலை முடித்த பிறகு மாமாவைப் பார்க்கப் போனேன். முதல்முறையாக நேரடியாகக் கேட்டேன்: “அரிசிக்காகத்தான் போனீங்களா மாமா?”

கோபப்படவில்லை. “அரிசி ஒரு மாசத்துல தீந்துருச்சு தம்பி. அதுக்கப்புறமும் அவங்க வந்தாங்க” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். தீம்புக்கட்டை ஓரத்தில் மரவள்ளி நட்டிருந்தார். வருடா வருடம் அறுப்பின் பண்டிகைக்குச் சபையில் அதைக் கொண்டுபோய் வைப்பாராம், ஏலம் விடுவார்களாம்.

“தோட்டத்துல முப்பது வருசம் வெட்டினேன். ஒரு குலைகூட என்னோடது இல்ல. இது நான் நட்டது” என்றார்.

திரும்பும்போது ஒரு பை மரவள்ளி கொடுத்துவிட்டார். அம்மா அவித்தார். அன்றைக்கு வீட்டில் யாரும் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லவில்லை.