பங்கீட்டு அரிசியும் பாகசாஸ்திரமும்

சென்ற நூறு ஆண்டுகளில் தமிழில் அச்சேறிய எழுத்துகளுள் வீடுதோறும் புகுந்து, கையழுக்குப் படிந்து, தாள் கிழியும்வரை படிக்கப்பட்டும், ஆராய்ச்சியாளரின் கண்ணில் அநேகமாகப் படாமலே போனது எது என்று கேட்டால், சமையற் குறிப்பு என்றே தயங்காமல் சொல்லுவேன். நாவலுக்கும் சிறுகதைக்கும் சரித்திரம் எழுதினோம். பத்திரிகைகளின் தலையங்கங்களைத் தொகுத்தோம். ஆயினும் அத்தலையங்கம் வெளிவந்த அதே இதழின் பிற்பகுதியில், குடும்பத்தை நடத்தும் ஒரு ஸ்திரீ மற்றொரு ஸ்திரீக்கு எழுதிய அரைப்பக்கக் குறிப்பை இலக்கியமாகவோ சரித்திர ஆதாரமாகவோ எடுத்துக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை. உண்மையில், கடலுக்கு அப்பால் நடக்கும் யுத்தமும், தலைநகரில் பிறக்கும் உத்தரவும், விலைவாசியின் ஏற்றமும் ஒரு குடும்பத்தை முதலில் தொடுகிற இடம் அடுப்பங்கரைதான். அச்செய்திகளுக்கு வீடு அளித்த மறுமொழியும் பெரும்பாலும் ஒரு பதார்த்தத்தின் ரூபத்திலேயே வெளிப்பட்டிருக்கிறது என்பதை இக்கட்டுரையில் காட்ட முயல்கிறேன்.

பாகசாஸ்திரம் அச்சுக்கு வந்தது புதிய சங்கதி அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன்னரே இராமச்சந்திர ராயர் தொகுத்த ‘இந்து பாக சாஸ்திரம்’ போன்ற பெருநூல்கள் இருந்தன. 1905-இல் தொடங்கிய ‘சக்ரவர்த்தினி’க்குப் பாரதியார் ஆசிரியராயிருந்து மாதர் முன்னேற்றத்தை நோக்கமாகக் கொண்டு நடத்தியதும், 1925-இல் ‘ஜகன்மோகினி’யை ஏற்ற வை. மு. கோதைநாயகி அம்மாள் பல ஆண்டுகள் அதனைத் தளராமல் நடத்தி வந்ததும், வீட்டுக்குள்ளிருந்த பெண்களை வாசகியராக மட்டுமின்றி எழுதுகிறவர்களாகவும் ஆக்கின. இந்தத் தயாரிப்பு இல்லாதிருந்தால் பின்னால் வந்த குறிப்புகள் பிறந்திருக்கமாட்டா.

செய்தி சமையலைப் பிடித்து உலுக்கிய முதற்பெரும் சந்தர்ப்பம் இரண்டாம் உலக யுத்தம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானதைப் பத்திரிகையில் படித்த சென்னை ராஜதானிக் குடும்பங்கள் பலவற்றுக்கு, பர்மா ஒரு தூர தேசம் அன்று. அவர்கள் வடித்த சோற்றின் ஒரு பகுதி அங்கிருந்து கப்பலேறி வந்ததே. அந்த வழி அடைபட்டது. அடுத்த ஆண்டிலே பட்டணத்துக்குப் பங்கீட்டு முறை வந்தது. குடும்ப அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, கிடைக்கிற அரிசியைக் கிடைக்கிற அளவில் வாங்கி வந்து, மிச்சத்துக்குக் கோதுமையைக் கொண்டு சரிக்கட்டவேண்டிய நிலை, அரிசியைத் தவிர வேறொன்றைச் சாப்பாடு என்று எண்ணியறியாத வீடுகளுக்கு நேர்ந்தது. பெங்களூரின் மாவள்ளி டிபன் ரூம் உணவகத்தார், ரவா இட்லி யுத்தகால அரிசித் தட்டுப்பாட்டில் தங்கள் அடுக்களையில் பிறந்தது என்று சொல்லி வருகிறார்கள். அரிசிக்குப் பதிலாக ரவையைத் தயிரில் கலந்து இட்லித் தட்டில் வார்த்த அந்த யுக்தி, பஞ்ச காலம் நீங்கிய பிறகும் நீங்காமல் நிலைத்துவிட்டது. நிர்ப்பந்தத்தில் செய்த பண்டம் ருசியினால் தங்கிவிடுவது இத்துறையின் சரித்திரத்தில் திரும்பத் திரும்பக் காணும் நிகழ்ச்சி.

இந்தப் பின்னணியில்தான் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ என்னும் நூலைப் படிக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். முதற்பாகம் வெளிவந்தது 1951-இல். ராஜாஜி முதல்மந்திரியாகி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியது 1952-இல். ஆகவே அந்நூல் முதலில் வாங்கப்பட்ட வீடுகளில் அரிசிக்கு இன்னும் அட்டை வேண்டியிருந்தது. இளம் பிராயத்திலேயே கணவனை இழந்து, குடும்பப் பொறுப்பைத் தனியே சுமந்த அந்த அம்மையார், தம்மிடம் கடிதம் எழுதிச் செய்முறை கேட்ட உறவினருக்குப் பதில் எழுதி எழுதிச் சலித்த நிலையில், ஒரு மாமாவின் தூண்டுதலால் புத்தகமாக எழுதத் துணிந்தார் என்று அந்நூலின் சரித்திரம் கூறும். அதுவரை பாகம் சொல்லிக்கொடுத்தவர்கள் ‘கொஞ்சம்’, ‘கைநிறைய’, ‘தேவையான மட்டும்’ என்று சொல்லிப் போவார்கள். பக்கத்தில் நின்று பார்க்கிற பெண்ணுக்கு அதுவே போதும். பக்கத்தில் மாமியாரும் இல்லை, தாயும் இல்லை, பம்பாயிலோ டில்லியிலோ கணவனுடைய உத்தியோகத்தை உத்தேசித்துத் தனிக்குடித்தனம் வைத்த பெண்ணுக்குப் போதாது. ஒவ்வொரு சாமானுக்கும் அளவு சொல்லி, எது எப்பொழுது வாணலியில் விழவேண்டும் என்று கிரமப்படுத்தி எழுதிய அந்தக் கண்டிப்பை வெறும் கற்பிக்கும் முறை என்று மட்டும் கொள்வதற்கில்லை. அளந்து கொடுத்த தானியத்தை அளந்து சமைக்கப் பழகிய ஒரு தலைமுறையின் குணமும் அதில் கலந்திருக்கிறது. எல்லாம் கிடைத்த காலத்தில் அந்தக் கண்டிப்புக்கு இத்தனை மதிப்பு இருந்திருக்குமா என்பது சந்தேகமே. கலியாணமாகிப் புறப்படும் பெண்ணின் பெட்டியில் புடைவைகளின் நடுவே அந்நூலை வைத்தனுப்பும் வழக்கம் இன்றளவும் இருக்கிறது.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடவேண்டும். இவ்வாறு அச்சேறியவை பெரும்பாலும் படித்த மேற்சாதியாரின், அதிலும் நகரத்தாரின் சமையல். கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் நித்திய உணவாகவும், நெற்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் கிட்டுவதாகவும் வாழ்ந்த வானம் பார்த்த பூமிக்காரர்களுக்கு, அரிசிப் பங்கீடு என்ற செய்தி வேறுவிதமாகத்தான் கேட்டிருக்கும். கருவாட்டுக் குழம்புக்கும் நண்டு ரசத்துக்கும் அளவு எழுதி வைத்தவர் அக்காலத்தில் மிகச் சிலரே. அவை வாய்வழியே வந்தன, கைப்பழக்கத்தால் நிலைத்தன. பின்னாளில் நியாயவிலைக் கடை அரிசி குக்கிராமம்வரை சென்றபோது கம்பும் சோளமும் அடுப்பை விட்டிறங்கின. அப்படி இறங்கியவற்றை, 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த பிறகு, சாமைப் பொங்கல், வரகுப் பிரியாணி, தினைப் பாயசம் என்று பத்திரிகைகள் வண்ணப்படங்களோடு மீண்டும் அறிமுகம் செய்தன. பாட்டி உண்டதைப் பேத்தி புதுமையாகக் கற்கவும், அதற்குப் பொன்னி அரிசியைவிட அதிக விலை கொடுக்கவும் நேர்ந்தது எனக்குத் துக்கமாகவே இருக்கிறது.

அளவைகளின் மாற்றத்தையும் இங்கே சுருக்கமாகக் குறிப்பிடலாம். எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் பலம் ஒரு சேர், ஐந்து சேர் ஒரு வீசை என்று மனத்தில் ஊறியிருந்த கணக்கு, 1957-இல் நயா பைசாவும், அதைத் தொடர்ந்து கிராமும் லிட்டரும் வந்தபோது கலைந்தது. 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி உருவாக்கிய மின்சார ஆட்டுக்கல்லும், அந்தப் பத்தாண்டின் இறுதியில் பரவத் தொடங்கிய பிரஷர் குக்கரும் செய்முறையின் நடையையே மாற்றின. ‘பருப்பு மலர்ந்து குழைந்ததும்’ என்று எழுதிய இடத்தில் ‘மூன்று விசில் வந்ததும்’ என்று எழுதலானார்கள். கண்ணால் அறிந்த பதத்தைக் காதால் அறியப் பழகினோம்.

1965-ஆம் ஆண்டின் நெருக்கடி மற்றொரு கட்டம். பாகிஸ்தானோடு யுத்தமும் பருவமழைப் பொய்ப்பும் ஒருங்கே வந்த அவ்வாண்டில், வாரத்துக்கு ஒருவேளை உணவைத் துறக்கும்படி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தேசத்தைக் கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமை இரவு அதற்கென்று ஏற்பட்டது. எங்கள் பெரியம்மாவின் குறிப்பு நோட்டில் அக்காலத்துப் பக்கம் ஒன்று இருக்கிறது. மேற்பாதியில், ரேஷன் கோதுமையைத் திருகையில் உடைத்து, மாவைச் சலித்தெடுத்துவிட்டு, குருணையை வெறும் வாணலியில் சிவக்க வறுத்து, கொதிக்கும் நீரில் தூவிக் கிளறி, இறக்கும்போது ஒரு கரண்டி நல்லெண்ணெய் விடவேண்டும் என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. கீழ்ப்பாதி பால் கணக்கு. இரண்டுக்கும் நடுவே, ‘திங்கள் இராத்திரி, குழந்தைகளுக்கு மாத்திரம்’ என்று ஒரு வரி. பிரதமரின் வேண்டுகோளுக்கு அந்த வீடு எப்படிக் கட்டுப்பட்டது, எங்கே விலக்களித்தது என்பதை இந்த ஒரு வரியைப்போல் எந்தச் சரித்திர நூலும் எனக்குச் சொன்னதில்லை. அதற்கடுத்த 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி இராஜ்யத்தின் ஆட்சியை மாற்றத் துணையாயிற்று. சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி வழங்கும் திட்டம் அவ்வாண்டு மே மாதத்தில் தொடங்கிற்று. படிக் கணக்கு சட்டத்தில் ஒழிந்த பின்னும் ஜனங்களின் நாவில் ஒழியவில்லை என்பதும் இதனால் விளங்கும்.

யாழ்ப்பாணத்தின் அனுபவம் இவை அனைத்தினும் கடுமையானது. தனி ஆராய்ச்சிக்கு உரியது. இலங்கையில் 1970-இல் பதவியேற்ற ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியபோது, பாண் என்னும் ரொட்டிக்கு வரிசையில் நிற்பதும், சோற்றுக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கை அவித்துச் சம்பலோடு உண்பதும் நாடெங்கும் வழக்கமாயின. அதே உத்தரவு, வெளிநாட்டுச் செத்தல் மிளகாயையும் வெங்காயத்தையும் தடுத்ததால், குடாநாட்டுத் தோட்டக்காரருக்கு முன் கண்டிராத செழிப்பையும் தந்தது. 1977-க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அச்செழிப்பு தளர்ந்தது. ஒரே செய்தியை ஒரு வீட்டின் குசினி துன்பமாகவும் அதன் தோட்டம் லாபமாகவும் வாசித்த விசித்திரம் அது. பிறகு உள்நாட்டு யுத்தத்தினிடையே 1990-இல் மின்சாரம் நின்று, பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய் அரிய திரவியமாயிற்று. ஜாம் போத்தலில் சிறிது பஞ்சும் சில துளி எண்ணெயும் இட்டு மெல்லிய திரியில் எரியவிட்ட விளக்கடியில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சீனி கிடையாதபோது பனங்கட்டியை ஒரு கடி கடித்து, வெறுந்தேநீரை ஒரு மிடறு குடித்தார்கள். வானொலிக்கு பாட்டரி தடைசெய்யப்பட்டிருந்ததால், சைக்கிளை நிறுத்திவைத்து ஒருவர் மிதிக்க, அதன் டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் இரவு பி.பி.சி. தமிழோசையைக் குடும்பமும் அயலும் கூடிக் கேட்டன. நாளை என்ன சமைக்கலாம், எந்தப் பாதை திறக்கும், கூட்டுறவுச் சங்கக்கடைக்கு எது வரும் என்பது அந்தச் செய்தியைப் பொறுத்திருந்தது. மிதிப்பவர் களைத்தால் குரல் தேய்ந்துபோம். ஒடியல் மாவில் மீனும் மரவள்ளியும் பயிற்றங்காயும் இட்டுக் காய்ச்சும் கூழ் பழைய பண்டமேயாயினும், பனையைத் தவிர வேறு துணையில்லாத அந்த ஆண்டுகளில் அது பெற்ற கௌரவத்தைப் புலம்பெயர்ந்தோர் இன்று டொரொன்டோவிலும் லண்டனிலும் அதைக் கூடிக் காய்ச்சிக் குடிக்கும் சிரத்தையில் காணலாம்.

செய்திக்கு அடுப்பங்கரை மறுமொழி சொல்வது அண்மைக் காலத்துக்கும் பொருந்தும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைக் கடந்து, நியாயவிலைக் கடைகளில் அறுபது ரூபாய்க்கு அரசு விற்கத் தொடங்கிய வாரங்களில், தக்காளி இல்லாத குழம்பும் ரசமும் எங்கும் பேச்சாயின. புளியும் மிளகும் சீரகமும் கொண்டே ரசம் வைத்த முந்திய தலைமுறையின் பக்குவம் விலையுயர்வின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தது.

இத்தனை செல்வத்தையும் நாம் பாதுகாத்த விதம் போதாது. ‘கல்கி’யிலும் ‘விகட’னிலும் வந்த தொடர்கதைகளை வாரந்தோறும் கிழித்தெடுத்துத் தைத்துப் பைண்டு செய்து பெட்டியில் வைத்த வீடுகள், சமையற் பக்கத்தை மிச்ச இதழோடு பழைய பேப்பர்காரரிடம் போட்டன. அப்பக்கத்தில் பிடித்ததை மட்டும் வீட்டுப் பெண்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஆகவே முழு இதழ்களைச் சேமித்துள்ள சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் காக்கும் நூலகம் நிறுவனமும் இத்துறைக்கு முதல் வாயில்கள். 1943, 1952, 1965, 1967 ஆகிய ஆண்டுகளின் பெண்கள் பகுதிகளை அவ்வவ் வாரத்துத் தலையங்கங்களுக்குப் பக்கத்தில் வைத்து ஒருவர் வரிசையாகப் படிக்கவேண்டும். அதோடு, எழுதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே, வீட்டு நோட்டுகளைப் பால் கணக்கோடும் ஓரக்குறிப்போடும் ஒரு பக்கமும் விடாமல் படமெடுத்து வைக்கவேண்டும்.