குமரி: ‘நாடு’ ‘கண்டம்’ ஆனமை

கடல்கொண்ட குமரிநிலம் குறித்து விரிவாகக் கூறும் பழஞ்சான்று, சிலப்பதிகாரத்திற்கு அடியார்க்குநல்லார் வகுத்த உரையாகும். பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையே எழுநூற்றுக் காவதப் பரப்பில், தெங்கம், மதுரை, முன்பாலை, பின்பாலை, குன்றம், குணகாரை, குறும்பனை என்னும் பெயர்களில், பெயருக்கு ஏழாக 49 நாடுகள் இருந்தன என்பது அவர் கூற்று. அவர் ஆள்வது ‘நாடு’ என்னும் சொல்லே.

1864இல் பிலிப் ஸ்கிளேட்டர், விலங்கினப் பரவலை விளக்க ‘லெமூரியா’ என்னும் மூழ்கிய நிலப்பரப்பைக் கற்பித்தார். நிலத்தட்டுக் கொள்கை பின்னர் அதனைத் தேவையற்றதாக்கியது. இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் நூல்கள் பலவோ அதனைக் குமரியோடு இணைத்தன. புராண வழக்கில் பரதத்தின் பிரிவொன்றைச் சுட்டிய ‘குமரிக்கண்டம்’, இங்ஙனம் பெருநிலப் பொருள் பெற்றது.

‘நாடு’ என்பதன் அளவை வட்டார வழக்கே காட்டும். கரமனையிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலை கடக்கும் நாஞ்சில்நாடு, தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களில் அடங்குவது. எழுநூற்றுக் காவதம் பெரும்பரப்பே எனலாம். ஆயினும் காவதம் எங்கும் ஓரளவினதன்று. எனவே தொலைவை மட்டும் கொண்டு கண்டத்தை நிறுவுதல் பொருந்தாது.

மொழிபெயர்ப்பாளர் இங்குக் ‘கண்டம்’ என்று பெயர்ப்பின், உரையாசிரியர் கூறாத ஒன்றை அவர்மேல் ஏற்றியவராவர். ‘நாடு’ நாடாகவே நிற்றல் வேண்டும். கடல்கோள் நினைவின் மதிப்பு அதனால் குறையாது.