கதார்சிஸும் அவலச்சுவையும்: மதங்க சூளாமணியை முன்வைத்து

அவல நாடகத்தைக் காண்பவரின் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது என்ற வினாவுக்குக் கிரேக்க மரபு தந்த விடை கதார்சிஸ். தமிழ் மரபு இதே களத்தை மெய்ப்பாடு, சுவை ஆகிய சொற்களால் பேசியது. இரண்டையும் ஒன்றாகவே கொள்வோர் உண்டு. ஆனால் அவை வெவ்வேறு வினாக்களுக்கான விடைகள். சுவாமி விபுலாநந்தரின் 'மதங்க சூளாமணி'யையும் சிலப்பதிகாரத்தையும் ஒருசேர நோக்கினால் இவ்வேறுபாடு விளங்கும்.

அரிஸ்டாட்டிலின் கருத்து

கண்ணீரைத் தூண்டும் கவிதை மனிதனின் பகுத்தறிவைத் தளரச் செய்கிறது என்று பிளேட்டோ 'குடியரசு' நூலில் குற்றம் சாட்டினார். அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில் 'கவிதையியல்' 6ஆம் இயலில் இதற்கு மறுமொழி போல ஒரு வரையறை தந்தார். அவல நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி, அவ்வுணர்ச்சிகளின் கதார்சிஸை நிறைவேற்றுகிறது என்பது அது. அச்சொல்லை அவர் அந்நூலில் விளக்கவில்லை. உடலின் கழிவை வெளியேற்றும் மருத்துவத்திலும், தீட்டுக் கழிக்கும் சடங்கிலும் அச்சொல் வழங்கியது. 1857இல் யாக்கோபு பெர்னைஸ் மருத்துவப் பொருளை வலியுறுத்திய பின் விவாதம் பெருகியது.

இவ்வுணர்ச்சிகள் பிறக்கும் வழியை அரிஸ்டாட்டில் தெளிவாகவே கூறினார். முற்றும் நல்லவனுமல்லாத, கொடியவனுமல்லாத ஒருவன் தன் பிழையால் வீழ வேண்டும். நிலைமாற்றமும் உண்மை அறிதலும் ஒருங்கே நிகழ்வது சிறப்பு. அதற்கு அவர் காட்டிய சான்று சொபொக்கிளிசின் 'ஈடிப்பஸ் மன்னன்'.

தொல்காப்பியத்தில் அழுகையும் அச்சமும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் அழுகையும் அச்சமும் உள்ளன. இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை ஆகியவற்றால் அழுகை பிறக்கும். தெய்வம், விலங்கு, கள்வர், இறைவன் ஆகியோரால் அச்சம் பிறக்கும். உணர்ச்சியின் நிலைக்களன்களை இவ்வளவு நுட்பமாக வகுத்த நூல், அவ்வுணர்ச்சி ஒரு கதையின் போக்கில் எவ்வாறு வளர்ந்து முடிகிறது என்பதைப் பேசவில்லை. அது அந்நூலின் நோக்கமும் அன்று.

மயிலாப்பூரிலிருந்து ஒரு முயற்சி

இலங்கையின் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்தர், சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் பயிற்சி பெற்று 1924இல் துறவு பூண்டார். 1926இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் அவருடைய 'மதங்க சூளாமணி'யை வெளியிட்டது. உறுப்பியல், எடுத்துக்காட்டியல், ஒழிபியல் என மூன்று இயல்களைக் கொண்ட இந்நூல், சேக்சுபியரின் 12 நாடகங்களைத் தமிழ், வடமொழி நாடக இலக்கணங்களின் துணையுடன் ஆராய்கிறது.

அயல் இலக்கியத்தை நம் மரபின் சொற்களால் அளக்கலாம் என்று காட்டியது இதன் பெருமை. ஆனால் இங்கே ஒரு முரண் உண்டு. இந்நூல் துணைகொண்ட தனஞ்சயனின் 'தசரூபகம்' தலைமைப் பாத்திரத்தின் சாவை மேடையில் காட்டலாகாது என்கிறது. 'ரோமியோவும் ஜூலியட்டும்' முடிவதோ காதலர் இருவரின் சாவில். எனவே சுவைக் கோட்பாட்டால் அந்நாடகத்தின் உணர்ச்சியைப் பெயரிட முடிகிறது. அம்முடிவு ஏன் தேவையாயிற்று என்பதை விளக்க முடிவதில்லை. அவ்விடத்தில் அரிஸ்டாட்டில் துணையாகிறார்.

வழக்குரை காதை

இதைச் சிலப்பதிகாரத்தில் சோதிக்கலாம். உ. வே. சாமிநாதையர் 1892இல் பதிப்பித்த இக்காப்பியத்தில் நம் இரக்கம் கோவலனுக்குரியது. ஆனால் அரிஸ்டாட்டில் கூறும் அவலத் தலைவனுக்கு நெருக்கமானவன் பாண்டியன். அவன் கொடியவன் அல்லன். தேவியின் ஊடலைத் தணிக்க விரைந்தவன், ஆராயாமல் ஆணையிட்டான். உடைந்த சிலம்பிலிருந்து முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்த கணத்தில், நீதி வழங்க அமர்ந்தவன் தானே கள்வன் என அறிகிறான். கொலைஞனைத் தேடிய ஈடிப்பஸ் தன்னையே கண்டடைந்ததும் இத்தகையதே. நிலைமாற்றமும் அறிதலும் இங்கே ஒரே கணத்தில் நிகழ்கின்றன.

ஊழ்வினை நம்பிக்கை இருக்குமிடத்தில் உண்மையான அவலம் பிறக்காது என்ற வாதத்துக்கும் இக்காப்பியத்தில் விடை உண்டு. பதிகம் முன்னரே சுருக்கிச் சொன்னாலும், கதையோட்டத்தில் மதுராபதித் தெய்வம் முற்பிறப்புக் கதையைக் கூறுவது மதுரை எரிந்த பின்பே. அதற்குள் கேட்பவர் அழுது முடித்திருப்பார். ஆகவே அவ்விளக்கம் துயரைத் தடுப்பதில்லை, துயருற்றவரைத் தேற்றுகிறது.

மதிப்பீடு

வஞ்சிக் காண்டத்தில் கண்ணகிக்குக் கோயில் எழுகிறது. கிரேக்கப் பார்வையாளரின் உள்ளத்தில் நிகழும் கதார்சிஸ், இங்கே நூலுக்குள்ளேயே வழிபாடாக நிகழ்கிறது எனலாம். தீட்டுக் கழித்தல் என்ற அச்சொல்லின் பழம்பொருளுக்கு இது நெருக்கமானது. மெய்ப்பாடு உணர்ச்சியின் இயல்பைச் சொல்கிறது. அரிஸ்டாட்டில் அது கதையால் விளையும் முறையைச் சொல்கிறார். ஒன்றை மற்றொன்றின் மொழிபெயர்ப்பாகக் கொண்டால் இரண்டும் குறைபடும். விபுலாநந்தர் தொடங்கிய ஒப்பீட்டை மேற்கொண்டு செல்ல விரும்பும் மாணவர், வழக்குரை காதையிலிருந்து தொடங்கலாம்.