அமெரிக்கத் திகில் சினிமாவில் கறுப்பினத்தவரின் அச்சம்

அமெரிக்கத் திகில் படங்களில் கறுப்பினத்தவரின் இடத்தை மதிப்பிடும்போது, அவர்களில் யார் கடைசிவரை உயிர்பிழைக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது வழக்கம். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. அவர்களின் அச்சத்தைப் படம் மதிக்கிறதா?

சிரிப்புக்கான அச்சம்

'கிங் ஆஃப் தி ஜாம்பீஸ்' (1941) படத்தில் மான்டன் மோர்லண்ட் பணியாளராக நடித்தார். நடமாடும் பிணங்களைக் கண்டதாக அவர் சொல்வதை வெள்ளை எஜமானர்கள் நம்புவதில்லை. அவர் சொல்வது உண்மை. ஆனாலும் அவரது நடுக்கம் நகைச்சுவையாகவே காட்டப்படுகிறது.

மீட்க வருபவர்கள்

ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) படத்தில் டுவேன் ஜோன்ஸ் நடித்த பென் நாயகர். நடிப்புத் தேர்வில் சிறந்து விளங்கியதாலேயே ஜோன்ஸைத் தேர்ந்தெடுத்ததாக ரொமேரோ கூறினார். படத்தில் எவரும் பென்னின் நிறத்தைக் குறிப்பிடுவதில்லை. முடிவு அந்த மௌனத்தைக் கலைக்கிறது. இரவெல்லாம் பிணங்களிடமிருந்து தப்பிய பென்னை, காலையில் துப்பாக்கிகளுடன் வரும் வெள்ளையர் குழு சுட்டுக்கொல்கிறது. அவரது உடல் அகற்றப்படுவதை அசையாத ஒளிப்படங்களாகப் பார்க்கிறோம். கறுப்பினத்தவரைக் கும்பலாகக் கொன்றவர்கள் எடுத்துக்கொண்ட பழைய ஒளிப்படங்களை அவை நினைவூட்டுகின்றன. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே ஆண்டில் படம் வெளியானது.

பிறர் கதையில் வரலாறு

'கேண்டிமேன்' (1992) படத்தின் பேய், வெள்ளைப் பெண்ணைக் காதலித்ததற்காகக் கொல்லப்பட்ட கறுப்பின ஓவியர். அவருக்கு ஒரு வரலாறு கிடைக்கிறது. ஆனால் கதை வெள்ளை ஆய்வாளர் ஹெலனின் பார்வையில் நகர்கிறது. சிகாகோவின் கேப்ரினி-கிரீன் குடியிருப்பில் வாழும் கறுப்பின மக்களின் அச்சம் அவரது ஆய்வுப் பொருளாகச் சுருங்கிவிடுகிறது. இதுவே அப்படத்தின் குறை.

அச்சமே அறிவு

ஜோர்டன் பீலின் 'கெட் அவுட்' (2017) இந்த மரபைத் தலைகீழாக்குகிறது. வெள்ளைக் காதலியின் குடும்பத்தைப் பார்க்கச் செல்லும் கிறிஸை நண்பர் ராட் எச்சரிக்கிறார். காவலர்களிடம் ராட் முறையிட்டபோது அவர்கள் சிரிக்கிறார்கள். மோர்லண்டின் பணியாளரைப் போலவே ராடும் நகைச்சுவைப் பாத்திரம்தான். ஆனால் இங்கே சிரித்தவர்களே ஏமாந்தவர்கள். இறுதியில் காவல் வண்டியைப் போன்ற விளக்கொளி தெரியும்போது, கிறிஸ் காப்பாற்றப்பட்டார் என்று பார்வையாளர் நினைப்பதில்லை, பதறுகிறார். பென்னுக்கு நேர்ந்தது இவருக்கும் நேருமோ என்பதே அந்தப் பதற்றம். வண்டியிலிருந்து இறங்குபவர் ராட். கிறிஸ் கைதாகும் வேறொரு முடிவையும் பீல் படமாக்கியிருந்தார்.

வெளியான முடிவு ஆறுதலானது என்பதால் வலுக்குறைந்ததல்ல. அந்தச் சில நொடிகளில், கறுப்பினத்தவரின் அச்சத்தை அரங்கிலுள்ள அனைவரும் தம் அச்சமாக உணர்கிறார்கள். அதுவே படத்தின் சாதனை.