எலியைக் காத்த மூலிகை

1950-களில் பிராகாவில் ஜிரி பாரிசெக் என்ற ஆய்வாளர் எலிகளுக்குக் காட்மிய உப்பைச் சிறிதளவு ஊசியில் ஏற்றினார். விரைத் திசு சீக்கிரமே அழிந்தது. கூடவே துத்தநாகம் பெற்ற எலிகளின் விரைகள் தப்பின. உலோக நஞ்சுக்கு மாற்று உண்டு என்ற அந்த நம்பிக்கையில்தான் இன்று முருங்கை இலை, மஞ்சள், கருஞ்சீரகம், அமுக்கரா என்று மூலிகைகள் வரிசையாக எலிக்கூண்டுக்குள் போகின்றன.

இந்த ஆய்வுகளின் அடிப்படை வலுவானது. ஈயமும் காட்மியமும் உடலில் ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் கூட்டுகின்றன. விந்தணுவின் சவ்வில் நிறைவுறாக் கொழுப்பு அதிகம். அதைக் காக்கும் நொதிகளோ குறைவு. ஆகவே அது எளிதில் அடிவாங்குகிறது. செடிகளிலுள்ள பாலிபீனால்கள் அந்தச் சேதத்தைத் தணிக்கின்றன. வெவ்வேறு நாட்டு ஆய்வகங்கள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருப்பதால் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் எந்தச் செடியைக் கொடுத்தாலும் வெற்றிதான் என்றால் கொஞ்சம் சந்தேகமும் வர வேண்டும். தோற்ற சோதனை அச்சேறுவது அரிது.

பெரிய ஓட்டை காலக்கணக்கில் இருக்கிறது. பெரும்பாலான சோதனைகளில் நஞ்சும் மூலிகைச் சாறும் சேர்ந்தே தொடங்குகின்றன; சிலவற்றில் சாறு முந்திக்கொள்கிறது. பழைய பேட்டரியை உருக்கும் பட்டறையில் பல வருடம் உழைத்துவிட்டு, குழந்தை இல்லையென்று மருத்துவரிடம் வருபவருக்கு அந்த வசதி ஏது? ஈயம் அவர் எலும்பில் பல ஆண்டுகளுக்குக் குடியேறிவிட்டது. அளவும் இடிக்கிறது. எலிக்குக் கிலோவுக்கு 500 மில்லிகிராம் என்றால், எலியின் அளவை மனித அளவாக மாற்ற 6.2-ஆல் வகுக்கும் வழக்கமான கணக்குப்படி, 60 கிலோ மனிதருக்குத் தினமும் ஏறத்தாழ 5 கிராம் செறிவான சாறு வேண்டும். வாரம் இருமுறை முருங்கைக்கீரைப் பொரியல் சாப்பிட்டு அந்தக் கணக்கை எட்ட முடியாது.

மனிதரிடம் நடந்த சோதனைகள் கொஞ்சமே. ஈரானில் கார் பேட்டரித் தொழிலாளர் 117 பேரிடம், ஈய நஞ்சுக்குத் தரும் பெனிசிலமின் மருந்தோடு பூண்டை ஒப்பிட்டார்கள். பூண்டும் இரத்த ஈயத்தைக் குறைத்தது. நல்ல செய்திதான், ஆனால் அளந்தது இரத்த ஈயத்தையும் நோய்க்குறிகளையும், விந்தணுவை அல்ல. பாரிசெக்கின் எலிகளைக் காத்த அதே துத்தநாகத்தை ஃபோலிக் அமிலத்தோடு சேர்த்து, குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கு வந்த 2,370 தம்பதியரில் ஆண்களுக்கு அமெரிக்காவில் கொடுத்துப் பார்த்தார்கள். 2020-ல் முடிவு வந்தது: குழந்தை பிறந்த விகிதம் கூடவில்லை. அவர்கள் உலோக நஞ்சுக்கு ஆளானவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என்னை உறுத்துவது இன்னொன்று. பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004-ல் ஓர் ஆய்வு சொன்னது. வங்கதேசத்தில் மஞ்சளுக்கு நிறம் ஏற்ற, ஈயம் அடங்கிய லெட் குரோமேட் பூசிவந்தார்கள். 2019-ல் அது அம்பலமாகி அரசு கடுமை காட்டிய பிறகே ஓய்ந்தது. காக்க வேண்டிய மஞ்சளே ஈயத்தைச் சுமந்து வந்தால் எந்த எலி ஆய்வு துணைக்கு வரும்?

விந்தணு ஒன்று உருவாக இரண்டரை மாதம்போல ஆகிறது; ஆகவே எதைச் செய்தாலும் பலன் உடனே தெரியாது. ஈயத்தோடு வேலை செய்பவர்கள் முதலில் இரத்த ஈயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வேலை உடையோடு வீட்டுக்குள் நுழையாதீர்கள். புகையிலையில் காட்மியம் உண்டு, அதையும் விடுங்கள். ஆண்மைக்கு என்று விற்கும் பொடியை வாங்குவதானால், உலோகப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.