எஞ்சினைத் திறப்பதற்கு முன்

1998 ஜூலையில் இத்தாலியின் இஸ்கியா தீவில் விஸ்வநாதன் ஆனந்த், ரெபெல் 10 என்ற செஸ் நிரலோடு எட்டு ஆட்டங்கள் ஆடினார். உலகத் தரவரிசையில் அப்போது காஸ்பரோவுக்கு அடுத்த இடம் ஆனந்துடையது. முடிவில் ரெபெலுக்கு 5 புள்ளி, ஆனந்துக்கு 3. மொத்தக் கணக்கில் இது தோல்விதான். ஆனால் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட ஆட்டங்கள் நான்கில் ரெபெல் 3–1 என்று வென்றது. பதினைந்து நிமிட ஆட்டங்கள் இரண்டில் அதற்கு 1½–½. இருந்து யோசிக்க மணிக்கணக்கில் நேரம் தந்த இரண்டு நீண்ட ஆட்டங்களில் மட்டும் ஆனந்த் 1½–½ என்று முந்தினார். அவசரத்தில் நிரல் ஜெயித்தது. அவகாசம் கிடைத்த இடத்தில் மனிதர் ஜெயித்தார்.

கணினிக்கு ஈடுகொடுக்க மனிதர்கள் இரண்டு வழிகளை முயன்றிருக்கிறார்கள். ஒன்று, பலகையில் கணினியின் பலவீனத்தைக் குறிவைத்து ஆடுவது. மற்றது, பயிற்சிக் காலத்தில் கணினியைத் தள்ளிவைத்துச் சொந்த யோசனையை வளர்ப்பது. முதல் வழி அடைபட்டுவிட்டது. இரண்டாவது இன்றும் திறந்திருக்கிறது, நிபந்தனைகளோடு. பினாங்கில் பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்து வரும் பெற்றோரும், தமிழ்ப்பள்ளிகளில் செஸ் சொல்லித் தரும் ஆசிரியர்களும் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது அவசியம்.

முதல் வழியின் உச்சம் 2003 நவம்பரில் நியூயார்க்கில் நிகழ்ந்தது. எக்ஸ்3டி ஃபிரிட்ஸ் என்ற நிரலுடன் காஸ்பரோவ் ஆடிய நான்கு ஆட்டத் தொடரின் மூன்றாவது ஆட்டம் அது. வெள்ளைக் காய்களுடன் ஆடிய காஸ்பரோவ் ஆறாவது நகர்த்தலிலேயே சிப்பாயை முன்னே தள்ளி நடுப்பகுதியைப் பூட்டத் தொடங்கினார். பன்னிரண்டாவது நகர்த்தலுக்குள் பலகையின் இடப்புறம் முழுக்கச் சிப்பாய்ச் சுவர் எழுந்துவிட்டது. இப்படி ஒரு புறம் பூட்டிக்கொண்டால் மறுபுறம் சிப்பாயைத் தள்ளித் தாக்க வேண்டும் என்பது ஓரளவு ஆடத் தெரிந்த எவருக்கும் தெரியும். ஃபிரிட்ஸுக்குத் தெரியவில்லை. அதன் மந்திரி ஒரு கட்டம் முன்னே வந்தது. அடுத்த முறையே பழைய இடத்துக்குத் திரும்பியது. அடிக்க எதிரே காய் இல்லாதபோது என்ன செய்வது என்று அந்த நிரலுக்குப் புரியவில்லை. 45 நகர்த்தல்களில் காஸ்பரோவ் வென்றார். தொடர் 2–2 என்று சமனில் முடிந்தது.

இந்த முறையின் பெருமை இங்கேதான் இருக்கிறது. இதை வெறும் தந்திரம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. பூட்டிய நிலையில் ஆட, பத்துப் பதினைந்து நகர்த்தலுக்கு அப்பால் காய்கள் எங்கே நிற்க வேண்டும் என்ற திட்டம் மனதில் வேண்டும். அது கணக்கிட்டு வருவதில்லை. ஆடி ஆடிப் பழுத்த அறிவிலிருந்து வருகிறது. 2002 அக்டோபரில் பஹ்ரைனில் டீப் ஃபிரிட்ஸோடு ஆடிய கிராம்னிக்கும் இதே அறிவை வேறு விதமாகப் பயன்படுத்தினார். ராணிகளைச் சீக்கிரமே மாற்றிக்கொண்டு, கணக்குச் சிக்கல் குறைந்த நிலைகளுக்கு ஆட்டத்தைக் கொண்டுபோனார். இரண்டாவது, மூன்றாவது ஆட்டங்களில் வென்றார்.

ஆனால் அந்தத் தொடரே குறையையும் காட்டியது. ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்களில் கிராம்னிக் தோற்க, தொடர் 4–4 ஆனது. கணினியின் பலவீனத்தை நம்பி ஆடுகிறவர் தன் ஆட்டத்தை ஆடுவதில்லை. 1997 மே மாதம் டீப் புளூ என்ற கணினிக்கு எதிராகக் காஸ்பரோவ் செய்த பிழை இதுவே. ஒரு ஆட்டத்தில் ராணியின் முன்னிருந்த சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தித் தொடங்கினார். மனிதருக்கு எதிராக அவர் அப்படித் தொடங்கக்கூடியவர் அல்ல. ஆறாவது, கடைசி ஆட்டத்தின் ஏழாவது நகர்த்தலில் ஓரச் சிப்பாயைத் தள்ளி, குதிரையைப் பலி கொடுத்துத் தாக்க எதிராளிக்கு வழிவிட்டார். அந்தப் பலி டீப் புளூவின் தொடக்க நூலிலேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது. 19 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது. தொடர் 3½–2½ என்று கைவிட்டுப் போனது. எதிரே இருந்தது இயந்திரம் மட்டுமல்ல, அதற்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த மனிதர்களும்தான்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. பலவீனத்தைத் திருத்திவிடலாம். ஒவ்வொரு தோல்வியும் நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு பாடம். 2005 ஜூனில் லண்டனில் ஹைட்ரா என்ற கணினி மைக்கேல் ஆடம்ஸை 5½–½ என்று வீழ்த்தியது. 2006இல் பான் நகரில் உலக சாம்பியன் கிராம்னிக் டீப் ஃபிரிட்ஸிடம் 2–4 என்று தோற்றார். அதில் ஒரு ஆட்டத்தில் ஒரே நகர்த்தலில் விழும் செக்மேட்டைக் கவனிக்கத் தவறினார். கணினி களைத்துப்போவதில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். 2008இல் ஹிகாரு நகமுரா மூன்று நிமிட ஆட்டமொன்றில் ரைப்கா என்ற நிரலை 271 நகர்த்தல்களில் வென்றார். ஆட்டத்தை முழுக்கப் பூட்டிவிட்டு, ஐம்பது நகர்த்தல் விதியால் டிரா நெருங்கும்போது டிராவைத் தவிர்க்க நிரல் தானே நிலையைக் கெடுத்துக்கொள்ளும்வரை காத்திருந்தார். சாமர்த்தியம்தான். ஆனால் அதிலிருந்து அடுத்த ஆட்டத்துக்கு எடுத்துச் செல்லச் செஸ் அறிவு எதுவும் இல்லை. இன்று நரம்பியல் வலை சேர்ந்த ஸ்டாக்ஃபிஷ் நிரல் பூட்டிய நிலையிலும் தடுமாறுவது அரிது. ஒரு குதிரையை முன்கூட்டியே விட்டுக்கொடுத்து ஆடும் லீலா என்ற நிரலிடம் கிராண்ட்மாஸ்டர்களே வேக ஆட்டங்களில் தோற்கிறார்கள்.

பலகையில் நடந்த போட்டி முடிந்தது. ஈடுகொடுப்பது என்றால் இனி வேறு பொருள்: எல்லாம் தெரிந்த ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, தானாக யோசிக்கும் திறனை ஒரு பிள்ளை இழக்காமல் வளர்வது.

இதற்குச் சென்னையில் ஒரு சான்று இருக்கிறது. குகேஷுக்குப் பயிற்சி தந்த கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, தன் மாணவர் கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டும் வரை எஞ்சின் எனப்படும் செஸ் நிரலைத் தொடவிடவில்லை. மற்ற பிள்ளைகள் திரையைப் பார்த்துத் தொடக்க ஆட்டங்களை மனப்பாடம் செய்த காலத்தில், குகேஷ் பலகையில் காய்களை அடுக்கிவைத்துக்கொண்டு தலைக்குள் கணக்குப் போட்டார். 2019 ஜனவரியில், 12 வயதில், கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை 7½–6½ என்று வென்று உலக சாம்பியன் ஆனார்.

அந்தத் தொடரின் கடைசி ஆட்டத்தைப் பாருங்கள். குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம். மற்றபடி ஆளுக்கொரு யானை, ஒரு மந்திரி. எஞ்சின் கணக்கில் அது டிரா. திரையை நம்புகிறவர் அங்கே கைகுலுக்கியிருப்பார். குகேஷ் தொடர்ந்து நெருக்கினார். 55ஆவது நகர்த்தலில் டிங் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்த, யானையும் மந்திரியும் மாற்றப்பட்டு, சிப்பாய் மட்டுமே மிஞ்சிய நிலையில் வெற்றி வந்தது. எஞ்சினின் எண் சமம் என்று சொல்லும் இடத்தில் எதிரே இருப்பவருக்கு எது கடினம் என்று உணர்வது மனித அறிவு. எஞ்சின் இல்லாத ஆண்டுகள் வளர்த்தது இதைத்தான் என்று நான் நம்புகிறேன்.

அதற்காக இந்த முறையை அப்படியே எடுத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருத்திவிட முடியாது. குகேஷுக்கு எஞ்சினுக்குப் பதிலாக ஒரு கிராண்ட்மாஸ்டர் பக்கத்தில் இருந்தார். அவருடைய தவறான கணக்கைப் பிடித்துத் திருத்த ஆள் இருந்தது. சென்னையில் அது கிடைக்கும். பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு அவ்வளவு எளிதில் கிடைக்காது. திருத்த ஆளில்லாமல் எஞ்சினையும் பறித்துக்கொண்டால், தவறான எண்ணங்கள் பழக்கமாக உறைந்துபோகும். பயிற்சியாளருக்குக் கொடுக்கப் பணம் இல்லாத வீட்டில், இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ் ஒரு சமநீதி. தவிர, ஒரு சாம்பியனின் கதையை வைத்து ஒரு முறையை நிரூபித்துவிட முடியாது; திரையோடு வளர்ந்து உச்சத்துக்குப் போனவர்களும் உண்டு. குகேஷும் சாம்பியன் பட்டத்துக்குத் தயாரானபோது பயிற்சியாளர் கயெவ்ஸ்கி தலைமையிலான குழுவோடும் எஞ்சின்களோடும்தான் உழைத்தார். ஆனந்தும் 1999இல் லியோன் நகரில், ஆட்டத்தின்போதே கணினியைப் பயன்படுத்தலாம் என்ற போட்டியில் கார்போவை 5–1 என்று வென்றவர். இருவரும் கணினியை வெறுத்தவர்கள் அல்லர்.

ஆகவே கேள்வி எஞ்சின் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல, எப்போது என்பதே. ஜார்ஜ் டவுனில் வார இறுதிப் போட்டி நடக்கும் எந்த மண்டபத்திலும் இந்தக் காட்சியைக் காணலாம். கை கொடுத்து எழுந்த சிறுமி, நகர்த்தல் எழுதிய தாளோடு நேரே அப்பாவிடம் ஓடுகிறாள். அவர் கைப்பேசியிலுள்ள எஞ்சினில் நகர்த்தல்களை ஏற்றுகிறார். "நீ ஜெயிச்சுக்கிட்டு இருந்திருக்கம்மா, இங்க பாரு, பிளஸ் மூணு." அவள் திரையைப் பார்த்துத் தலையாட்டுகிறாள். அந்த நகர்த்தலின்போது எதற்குப் பயந்தாள், எதைக் கணக்கிட்டாள், எதிரி எதைச் செய்துவிடுவான் என்று நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. விடைப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கணக்கைப் போடும் பிள்ளைக்கு விடை நினைவிருக்கும், வழி வராது.

அப்பாவின் அன்பில் குறையில்லை, வரிசையில்தான் குறை. முதலில் எதிராளியோடு உட்கார்ந்து அதே பலகையில் ஆட்டத்தைத் திரும்ப ஆடிப் பார்க்கட்டும். சந்தேகம் வந்த இடங்களையும், அங்கே தான் நினைத்ததையும் தாளின் ஓரத்தில் எழுதட்டும். பிறகு எஞ்சினைத் திறக்கலாம். அப்போது அது தீர்ப்புச் சொல்லாது. எழுதி வைத்ததைச் சரிபார்க்கும். கிராண்ட்மாஸ்டர் இல்லாத ஊரில் சக ஆட்டக்காரரே முதல் ஆசிரியர். இதற்கு நேரம் பிடிக்கும். இஸ்கியாவில் ஆனந்துக்குச் சாதகமாக இருந்ததும் அந்த நேரம்தான்.

போட்டி நடத்துகிறவர்கள் மண்டபத்துக்கு வெளியே நான்கு மேசைகளில் பலகைகளைப் போட்டு, அங்கே கைப்பேசி கூடாது என்று ஒரு விதி வைத்தால் போதும். தமிழ்ப்பள்ளிச் செஸ் கழகங்கள் அடுத்த போட்டியிலேயே இதைத் தொடங்கலாம்.