குருதியும் மறதியும்

ஜேம்ஸ் ஹட்லி சேஸ் என்பார் 1939 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மிஸ் பிளாண்டிஷுக்கு ஓர்க்கிட் மலர்களில்லை' என்னும் குற்ற நாவலை நாம் அண்மையில் வாசித்தோம். ஆட்கடத்தல், சித்திரவதை, பாலியற் கொடுமை, அடுக்கடுக்கான கொலைகள், இறுதியில் ஒரு தற்கொலை. இத்துணைக் கொடுமைகளும் நிறைந்த நூல் சின்னாட்களுள் மனத்தைவிட்டு அகன்றுவிட்டது. இவ்வளவு குருதியும் மனத்திற் கறையேதும் விடாது போனதேன்? இவ்வினா ஆராயத்தக்கது.

கதை எளியது. கோடீசுவரர் ஒருவரின் மகளை, அவள் அணிந்த வைர மாலையின் பொருட்டு ஒரு சிறு கும்பல் கடத்துகிறது. அக்கும்பலைக் கொன்று, கிறிசன் கும்பல் அவளைக் கைப்பற்றுகிறது. கும்பலை நடத்தும் தாய், மனம் பிறழ்ந்த தன் மகனுக்கு அவளை இரையாக்குகிறாள். மாதக்கணக்காகப் போதைமருந்தூட்டப்பட்டுச் சிதைந்த அப்பெண், மீட்கப்பட்ட பின்னரும் வாழ விரும்பாது உயிரை மாய்த்துக்கொள்கிறாள். நூலின் தலைப்பிலே தந்தையின் பெயராற் சுட்டப்படும் அவளுக்கு, நூலினுள்ளும் தனக்கென ஒரு மனமில்லை. துன்புறுத்தப்படுவதற்கென்றே படைக்கப்பட்ட உடலாக வந்து போகிறாள்.

இலண்டனிற் பிறந்து நூல் விற்பனைத் துறையிற் பணியாற்றிய சேஸ், அமெரிக்காவில் வாழ்ந்தவரல்லர். நிலப்படங்களையும் கொச்சைமொழி அகராதியையும் துணைக்கொண்டே அந்நாட்டின் குற்றவுலகை எழுதினார். அது மட்டும் குறையன்று. அக்குற்றவுலகு எதனால் உருவாயிற்று என்ற வினாவே அவரிடம் எழாததுதான் குறை.

ஜோர்ஜ் ஓர்வெல் 1944 இல் எழுதிய கட்டுரையொன்றில், இந்நாவலில் அதிகார வழிபாட்டையே கண்டார். ஜேர்மன் விமானங்கள் இங்கிலாந்தின்மீது குண்டுபொழிந்த 1940 இலே இது பெரிதும் விரும்பி வாசிக்கப்பட்டதையும் சுட்டினார். ஓர்வெலின் அரசியல் முடிவுகள் யாவும் நமக்கு உடன்பாடல்ல. ஆயினும் இக்கணிப்புச் சரியானதே.

கொலைகளின் மிகுதியே மறதிக்குக் காரணம் என்பாருமுளர். அது பொருந்தாது. டஷீல் ஹமெற் 1929 இல் வெளியிட்ட 'சிவப்பு அறுவடை'யில், ஓர் அத்தியாயத்தின் தலைப்பே 'பதினேழாவது கொலை' என்பதாகும். எனினும் அந்நாவல் மறப்பதில்லை. சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை முறியடிக்க முதலாளி அடியாட்களை நகருக்கு அழைக்கிறான், வேலைநிறுத்தம் முறிகிறது, அடியாட்களோ நகரைத் தமதாக்கிக்கொள்கின்றனர். அங்கு சிந்தும் குருதிக்கெல்லாம் ஊற்று இதுவே. கொலைகளினிடையே வாழும் துப்பறிவோன், தானும் கொலையில் இன்பங்காணத் தொடங்கியதை உணர்ந்து அஞ்சுகிறான். ஹமெற் தாமே பிங்கேற்றன் துப்பறியும் நிறுவனத்திற் பணியாற்றியவர், பின்னாளில் இடதுசாரியானார். 1951 இல், பிணை நிதியொன்றுக்குப் பணமுதவியோரின் பெயர்களை நீதிமன்றிற் கூற மறுத்துச் சிறை சென்றார்.

ஹமெற்றின் நாவலிற் கொலை ஒரு சமூக உறவின் விளைவு. சேஸின் நாவலிலோ அது பக்கத்தைப் புரட்டச்செய்யும் தூண்டல் மட்டுமே. காரணத்திலிருந்து பிரிக்கப்பட்ட கொடுமை நரம்பைத் தீண்டும், சிந்தனையைத் தீண்டாது. ஆதலின் அது மனத்தில் வேரூன்றுவதில்லை. இம்மறதி வணிகத்துக்கு வாய்ப்பானது. முன்னைய நூலை மறந்தவனே அதே சரக்கை அடுத்த அட்டையில் வாங்குவான். சேஸ் ஏறத்தாழத் தொண்ணூறு நாவல்களை எழுதிக் குவித்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இத்தகைய நூல்களை மாணவரிடமிருந்து பறித்துவிடுதல் தீர்வாகாது. பறிக்கப்பட்ட நூலுக்குக் கவர்ச்சி மிகும். இச்சாவினால் ஆதாயம் பெற்றவன் யார், இறந்தவள் எவ்வாறு வாழ்ந்தாள், ஆசிரியன் எதனை மறைத்தான் என வினவி வாசிக்கும் பழக்கத்தை அவர்களிடம் வளர்த்தல் வேண்டும். ஒரு பெண்ணின் அழிவை மாலைநேர இன்பமாக நுகர்ந்து மறுநாள் மறக்கப் பழகிய மனம், பத்திரிகையிற் காணும் உண்மைச் சாவுகளையும் அவ்வாறே கடந்துசெல்லும் என நாம் அஞ்சுகிறோம்.